சமையல் மேடையின் உயரம்

புது வீடு கட்டினவங்க யாரும் எங்க அக்காவை வீடு பார்க்கக் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டா வம்பு. செருப்பைக் கழட்டும்போதே வாசப்படியில ஒரு கண்ணு, நிலையில ஒரு கண்ணு. கொடுத்த டீயை ஆத்திக்கிட்டே, "இந்தச் சுவத்துல ஓதம் ஏறுது போலிருக்கே, பின்னாடி குளியலறையா?"ன்னு கேட்டு வச்சுடுவா. வீட்டுக்காரங்க முகம் சுண்டிப் போயிடும். கெட்ட எண்ணம் ஒண்ணும் கிடையாது. தொழில் புத்தி எங்க போனாலும் கூடவே வருது, என்ன பண்றது?

அக்கா வக்கீல். கொலை, கொள்ளைன்னு பேப்பர்ல வர்ற கேஸ் எல்லாம் இல்ல, சொத்து வரி கேஸ் மட்டும்தான். உங்க வீடு இவ்வளவு பெறும், அதனால இவ்வளவு வரி கட்டுன்னு நகராட்சியில இருந்து நோட்டீஸ் வருதில்லையா, அதை எதிர்த்து மனு போட்டு வாதாடுறது அவ வேலை. அதுக்கு இருக்கிறது ஒரே வழி. இந்த வீடு அவ்வளவு பெறாது சார்னு நிரூபிக்கணும். ஆய்வாளர் வீட்டுக்கு வரும்போது கூடவே நடந்து, ஒவ்வொரு குறையையும் விரல் நீட்டிக் காட்டணும். வரி ஆபீஸ்ல அவளுக்கு விரிசலம்மான்னு பேரு. அவ காதுபடவே சொல்லுவாங்க. அக்காவுக்கு அதுல பெருமை வேற.

"இல்லாத விரிசலை நான் காட்டினதில்ல. இருக்கிற விரிசலை விட்டதும் இல்ல"ன்னு சொல்லுவா. உண்மைதான். மத்த வக்கீலுங்க ஒண்ணைப் பத்தாக்கி எழுதுவாங்க. அக்கா எழுதின மனுவுல பொய்னு ஒரு வரி பிடிக்க முடியாது. அதனாலேயே ஆய்வாளருங்க அவ சொன்னா தலையாட்டிட்டு எழுதிக்கிட்டுப் போயிடுவாங்க.

நான் அவளோட தங்கச்சி. தையல்காரி. கட்டினவன் சரியில்லாம போனதும் மெஷினைத் தூக்கிக்கிட்டு அக்கா வீட்டு முன்னறைக்கு வந்தவ, அப்படியே தங்கிட்டேன். எனக்கு மூக்கு மேல கோபம்னு அக்கா சொல்லுவா. இருக்கட்டும். இதைச் சொல்றதுக்குக் கோபம் வேணும். இல்லேன்னா அழுதுதான் சொல்லணும்.

அக்காகிட்ட கட்சிக்காரங்களுக்குன்னு ஒரு சட்டம் உண்டு. ஆய்வாளர் வர்ற அன்னைக்கு வீட்டைக் கட்டினவங்க வீட்டுல இருக்கக் கூடாது. சினிமாவுக்குப் போங்க, சம்பந்தி வீட்டுக்குப் போங்க, எங்கேயாவது போய்த் தொலைங்க. இந்தச் சட்டம் வந்ததே ஒரு பேக்கரிக்காரராலதான். அவர் வீட்டுக்கு ஆய்வாளர் வந்திருக்கார். அக்கா தரையைக் காட்டி, "கீறல் பாருங்க சார், மங்கிப் போயிருக்கு, பளபளப்பே இல்ல"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கா. பேக்கரிக்காரருக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. "யாரும்மா மங்கிப் போச்சுன்னது? கப்பல்ல வந்த கல்லு சார் இது! துடைச்சா முகம் தெரியும், பாருங்க!"ன்னு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உட்கார்ந்து துடைக்க ஆரம்பிச்சுட்டார். குறைக்கக் கேட்ட வரியை அன்னைக்கு ஏத்திட்டுப் போனாங்க. அக்கா வீட்டுக்கு வந்து தலையில அடிச்சுக்கிட்டா. நாங்க மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

மூணாவது ஆள் மாமா. அக்கா வீட்டுக்காரர்.

மாமா கொத்தனாரா இருந்து மேஸ்திரி ஆனவர். ஊரான் வீட்டை எல்லாம் கட்டி முடிச்சுட்டு, லீவு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா எங்க வீட்டைக் கட்டினார். அஸ்திவாரத்துல இருந்து கூரை வரைக்கும் அவர் கைதான். தரையில ஒரு அறையில இருக்கிற ஓடு அடுத்த அறையில இருக்காது. எல்லாம் வேலை நடந்த இடத்துல மிஞ்சினது. வாசப்படியில மூணாவது படி மட்டும் கொஞ்சம் உசரம். களைச்சுப் போய் வந்து கட்டின நாள்ல அளவு தப்பிடுச்சாம். அதுல இடறாத ஆளே எங்க வீட்டுக்கு வந்ததில்ல. யாராவது இடறி விழப் போனா மாமா உள்ளே இருந்தே, "வாங்க வாங்க!"ன்னு குரல் கொடுப்பார். எங்க வீட்டுக்குக் காலிங் பெல்லே அந்தப் படிதான்.

ஆனா சமையல் மேடையில மட்டும் அளவு தப்பல. அக்கா குள்ளம். என் தோளுக்குத்தான் வருவா. மத்த வீட்டு மேடையெல்லாம் அவ நெஞ்சுக்கு வரும். மாமா என்ன பண்ணினார்னா, பாதி கட்டின சுவத்துக்கிட்ட அவளைக் கூட்டிட்டுப் போய் நிறுத்தி, "முழங்கையை மடக்கு"ன்னு சொல்லி, முழங்கைக்குக் கீழே கரித்துண்டால ஒரு கோடு போட்டார். "இதுதான் அளவு. இந்த ஊர்ல எவ வந்தாலும் இந்த மேடையில சமைக்க முடியாது. உனக்கு மட்டும்தான்"னார். அக்கா, "அப்போ ஆயுசுக்கும் நானே சமைக்கணும்னு திட்டமா?"ன்னு கேட்டா. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். அவ கண்ணெல்லாம் சிரிப்பு. ஆனா வாயைத் திறந்து நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. எங்க அக்காவுக்குப் பாராட்டத் தெரியாது. குறை சொல்லிச் சொல்லியே அந்தப் பக்கத்து நரம்பு செத்துப் போச்சோ என்னவோ. மாமா அதை எதிர்பார்த்த மாதிரியும் தெரியல. ஆனா யாராவது வீட்டை நல்லா இருக்குன்னு சொன்னா உடனே அக்கா முகத்தைத்தான் பார்ப்பார்.

அந்த மனுஷனுக்கு நெஞ்சுல சிமெண்டுத் தூசி இறங்கிடுச்சு. முதல்ல இருமல், அப்புறம் இளைப்பு, அப்புறம் படுக்கை. டாக்டர் இனிமே வீட்டுலயே வச்சுப் பார்த்துக்கோங்கன்னுட்டார். அதுக்கு என்ன அர்த்தம்னு எங்க மூணு பேருக்குமே தெரியும். சமையலறையை ஒட்டின சின்ன அறையில கட்டிலைப் போட்டோம். கதவு திறந்திருந்தா படுத்தபடியே அக்கா சமைக்கிறதைப் பார்க்கலாம். அதான் அவருக்கு அப்போ பொழுதுபோக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் நோட்டீஸ் வந்து சேர்ந்தது. தெருமுனையில புது பஸ் நிலையம் வந்துடுச்சாம், எங்க இடத்துக்கு மவுசு கூடிடுச்சாம், வரியை எங்கேயோ கொண்டு போய் வச்சுட்டாங்க. மருந்துக்கே அக்கா கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்த நேரம். வீட்டை வித்துட்டு எங்கேயாவது வாடகைக்குப் போயிடலாம்னு சொந்தக்காரங்க ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க. மாமா காதுலயும் விழுந்துடுச்சு. அன்னைக்கு அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு, "என்னை எங்கேயும் தூக்கிட்டுப் போயிடாத. நான் கட்டின கூரைக்குக் கீழேயே போயிடுறேன்"னார்.

"யாரு உங்களைத் தூக்கிட்டுப் போறா? ஊரார் வரியெல்லாம் குறைக்கிறேன், எங்க வீட்டு வரியைக் குறைக்க மாட்டேனா?"ன்னு அக்கா மனு போட்டா.

ஆய்வு நாள் வந்தது. கட்டினவர் வீட்டுல இருக்கக் கூடாதுங்கிற சட்டம் இப்போ எங்க போய் நிக்கும்? எழுந்து உட்காரவே ஆள் பிடிக்கணும். அக்கா காலையில மாத்திரை கொடுத்தா. ஆய்வாளர் வாசல்ல வந்து நின்னதும் அறைக்குள்ள எட்டிப் பார்த்தா. கண்ணு மூடியிருந்தது. சத்தமில்லாம கதவைச் சாத்திட்டு வந்தா.

ஆரம்பத்துல மெதுவாத்தான் பேசினா. முன்னறையில தைச்சுக்கிட்டு இருந்த எனக்கே சரியாக் கேட்கல. ஓடு ஒண்ணுக்கொண்ணு சேரலைன்னா. படியைக் காட்டினா, ஆய்வாளரும் மரியாதையா அதுல இடறினார். போகப் போக வாய் சூடு பிடிச்சுக்கிச்சு. கோர்ட்டுல நிக்கிற நினைப்பு வந்துடுச்சு போல. சமையலறைக்குப் போகும்போது குரல் கணீர்னு கேட்குது.

"இந்த மேடையைப் பாருங்க சார். இந்த உயரத்துல யாராவது மேடை வைப்பாங்களா? நின்னு சமைக்கிறவங்க குனிஞ்சு குனிஞ்சே முதுகு போயிடும். வீட்டை வாங்க வர்றவன் முதல்ல இதைத்தான் இடிப்பான். இடிக்கிற செலவையும் கழிச்சுத்தான் வீட்டுக்கு விலை போடுவான்."

ஆய்வாளர் கேட்டார், "நீங்க எப்படி மேடம் இதுல சமைக்கிறீங்க?"

நான் மெஷினை நிறுத்திட்டேன். எனக்குச் சரியா இருக்குன்னு அக்கா சொன்னா கேஸ் படுத்துடும். சரியா இல்லேன்னு சொன்னா பொய். அக்கா சொன்னா, "என்ன பண்றது சார். பழகிப் போச்சு."

ஆய்வாளர் எழுதிக்கிட்டார். அக்கா அவரை வழியனுப்ப வாசலுக்குப் போனா. நான் மாமாவுக்குத் தண்ணி கொடுக்கலாம்னு கதவைத் திறந்தேன். மாமா கண்ணைத் திறந்து கூரையையே பார்த்துக்கிட்டு இருக்கார்.

"முதுகு வலிக்குதுன்னு எங்கிட்ட ஒரு நாள் கூடச் சொல்லலையேம்மா அவ"ன்னார்.

அடுத்த நிமிஷமே அக்காவைக் கூப்பிட்டேன். அவளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கட்டில் ஓரமா உட்கார்ந்து, "ஏங்க, அது கேஸுக்காகச் சொன்னதுங்க. வாங்க வர்றவனுக்கு ஆகாதுன்னுதானே சொன்னேன்? எனக்கு ஆகாதுன்னு சொன்னேனா?"ன்னு படபடன்னு பேசினா.

மாமாவுக்கு மூச்சு வாங்குது. ஆனாலும் சிரிச்சார். "கேஸுக்காக நீ இல்லாததைச் சொல்ல மாட்டியே. பேக்கரிக்காரர் கேஸுக்கே பொய் சொல்லாதவ. உங்களுக்கு எப்படின்னு ஆய்வாளர் கேட்டாரே. பழகிப் போச்சுன்னியே."

எங்க அக்கா எத்தனை பேரை வாயடைக்க வச்சிருக்கா! அன்னைக்கு அவ என்னத்தைச் சொல்லுவா? பொய் சொன்னேன்னு சொன்னா அவர் நம்ப மாட்டார். இத்தனை வருஷம் சேர்த்து வச்ச நாணயம் அது, இன்னைக்குன்னு பார்த்து அவ கழுத்தையே பிடிச்சுது. அப்பவாவது, நீங்க கட்டினதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த மேடைதாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, அவளுக்கு வரல. அழுகைதான் வந்தது.

"சரி விடு, ஜெயிச்சுட்டு வா"ன்னு அவர்தான் இவ முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

தீர்ப்பு நாளும் வந்தது. கிளம்பின அக்கா தெருமுனை கூடத் திரும்பியிருக்க மாட்டா, மாமா என்னைக் கூப்பிட்டு ஒரு போன் போடச் சொன்னார். அவர்கிட்ட சித்தாளா வந்து கொத்து வேலை கத்துக்கிட்ட அம்மா ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க ஒரு ஆளோட வந்தாங்க. கூடவே செங்கல், சிமெண்டு. என்ன ஏதுன்னு கேட்கிறதுக்குள்ள மேடைக் கல்லைத் தூக்கிட்டாங்க.

"மாமா, வேணாம் மாமா. அக்காவுக்கு எட்டாது"ன்னு நான் கத்தினேன்.

"எட்டாதுன்னு நீ சொல்ற. முதுகு போகுதுன்னு அவ சொன்னா. வீட்டைப் பத்தி அவ பொய் சொல்ல மாட்டாம்மா. நான்தான் கல்யாணமான புதுசுல ஏதோ நினைப்புல அளவைத் தப்பா எடுத்திருக்கேன். இத்தனை வருஷமா ஒரு வார்த்தை பேசாம குனிஞ்சு நின்னிருக்கா"ன்னு சொல்லிட்டு, அந்த மனுஷன் கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

நாற்காலியில உட்கார வச்சு அவரைச் சமையலறைக்குத் தூக்கிட்டு வந்தாங்க. எல்லா வீட்டுலயும் இருக்கிற உயரத்துக்குச் செங்கல் வச்சு ஏத்தச் சொன்னார். கல்லைத் திரும்பப் போட்டதும், "ரசமட்டம் வை"ன்னார். வச்சாங்க. "இந்த மூலை ஒரு நூல் இறங்குது"ன்னார். சரி பண்ணினாங்க. கடைசியா ஓரம் பூசுறதுக்குக் கொத்துக் கரண்டியை அவரே கேட்டு வாங்கினார். அந்த அம்மா அவர் முழங்கையைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. பூசுறதுக்குள்ள எத்தனை தடவை இருமினார்னு கணக்கே இல்ல. வேலை முடிஞ்சு வெளியே வந்து அந்த அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க. கூலி கொடுக்கப் போனேன், திட்டிட்டுப் போயிட்டாங்க.

அக்கா ஜெயிச்சுட்டு வந்தா. வாசல்ல இருந்தே, "ஏங்க! நம்ம வீடு எங்கேயும் போகாது!"ன்னு கத்திக்கிட்டே வந்தவ, சமையலறை வாசல்ல அப்படியே நின்னுட்டா. மாமா நாற்காலியில உட்கார்ந்திருக்கார். விரல் இடுக்குல சிமெண்டு காயாம இருக்கு.

"வா, வந்து நின்னு பாரு"ன்னார்.

அக்கா போய் நின்னா. மேடை அவ நெஞ்சுல வந்து இடிச்சுது. கையைத் தூக்கி மேல வச்சா, சின்னப் பிள்ளை கடையில நின்னு எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஈரம் காயாத இடத்துல கை பட்டுடாம பார்த்து வச்சா.

"ரெண்டு வரிசை ஏத்திட்டேன். ஒரு வரிசை போதுமா இருந்திருக்குமோ?"ன்னு கேட்டார் மாமா. அந்தக் குரலை என்னால மறக்க முடியல. பரீட்சை எழுதிட்டு வந்த பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டார்.

அக்கா திரும்பல. அவருக்கு முகத்தைக் காட்டாம சொன்னா, "இல்லைங்க. கச்சிதமா இருக்கு. எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு. இந்த ஊர்ல எவ வீட்டுலயும் இப்படி ஒரு மேடை கிடையாது."

அவளைக் கட்டின நாள்ல இருந்து மாமா காத்துக்கிட்டு இருந்த வார்த்தை அது. நம்பிட்டார். ஏன் நம்ப மாட்டார்? வீட்டைப் பத்தி அவதான் பொய்யே சொல்ல மாட்டாளே. அன்னைக்கு மாமா முகத்துல பார்த்த நிறைவை அதுக்கு முன்னாடி நான் பார்த்ததில்ல. நான் முன்னறைக்கு ஓடி வந்துட்டேன்.

அப்புறம் அவர் இருந்த நாள் வரைக்கும் அக்கா குதிகாலைத் தூக்கிக்கிட்டுத்தான் சமைச்சா. கதவு திறந்திருக்கும், மாமா பார்த்துக்கிட்டு இருப்பார். கட்டில்ல படுத்தா கால்மாட்டுப் பலகை மறைச்சு அக்காவோட இடுப்புக்கு மேலதான் தெரியும், கால் தெரியாது. தோள் இறங்கிப் போய் வலிக்குதுன்னு அவர் தூங்கினதும் என்கிட்ட வந்து தைலம் தேய்க்கச் சொல்லுவா. "ஒரு பலகையைப் போட்டு ஏறி நில்லேன்க்கா"ன்னு நான் திட்டுவேன். "ஏறும்போது சத்தம் கேட்கும், அவருக்குத் தெரிஞ்சுடும்"னுவா. ஒரு நாள் மாமா சமையலறைப் பக்கம் பார்த்தபடியே போயிட்டார். அடுப்புல இருந்ததை இறக்கிட்டுத் திரும்பின அக்கா, அவர் இன்னும் பார்த்துக்கிட்டு இருக்கார்னு நினைச்சு, என்னமோ பேசிக்கிட்டே இருந்தா. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அவளுக்குத் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் பலகை வந்துடுச்சு. மேடையைப் பழையபடி இறக்கிடலாம், அந்த அம்மாவைக் கூப்பிடுறேன்னு ஒரு தடவை சொன்னேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில திரும்ப அந்தப் பேச்சை எடுக்கல.

போன மாசம் மறுபடியும் வரி மதிப்பீட்டுக்கு ஆள் வந்தது. சின்னப் பையன்தான், புது ஆய்வாளர், பழைய ஃபைலைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாப் பார்த்தார். படியில இடறினார். "வாங்க வாங்க"ன்னு சொல்ல ஆளில்ல. சமையலறைக்குப் போனதும் அக்கா பலகையைக் காலால மேடைக்கு அடியில தள்ளிட்டா.

"மேடை ரொம்பத் தாழ்வுன்னு இதுல இருக்கே. இப்போ ஏத்திட்டீங்க போல"ன்னார். அப்புறம் அக்காவையும் மேடையையும் மாத்தி மாத்திப் பார்த்தார். நல்ல பையன், இரக்கப்பட்டிருக்கார். "ஆனா மேடம், உங்களுக்கு இது எட்டவே எட்டாதே. குறைன்னு எழுதிக்கிறேனே. வரி ஏறாது."

விரிசலம்மாவுக்கு ஒரு ஆய்வாளர் தானா வந்து குறை எடுத்துக் கொடுக்கிறார்! வாயைத் திறந்து ஆமான்னு சொன்னாப் போதும். உண்மையும்கூட.

"எழுதாதீங்க சார். எங்க வீட்டுக்காரர் எனக்காகக் கட்டினது. எனக்குச் சரியா இருக்கு"ன்னா அக்கா.

அவர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே எழுதிட்டுப் போனார். வரி ஏறித்தான் வந்திருக்கு. அக்கா மனு போடல. அன்னைக்கு அவர் வாசல் தாண்டினதும் அடியில இருந்த பலகையைக் காலால இழுத்துப் போட்டு, ஏறி நின்னு, எங்க ரெண்டு பேருக்கும் டீக்குத் தண்ணி வச்சா. சின்ன அறைக் கதவு சாத்தியிருந்தது. இறங்கிப் போய் அதைத் திறந்து வச்சுட்டு வந்து மறுபடியும் ஏறி நின்னா.